விழுந்த அந்த இரண்டு நொடி ஏன் நீண்டது?

வணக்கம். பைக் சறுக்கிய இரண்டு நொடி அரை நிமிடமாகத் தோன்றியதாகவும், எதிரே வந்த லாரியின் நம்பர் பிளேட்டில் அப்பியிருந்த சேறுகூட நினைவிருப்பதாகவும், இது மூளைக் கோளாறோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆல்ப்ஸ் மலையில் விழுந்து பிழைத்த சுவிஸ் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம் 1892-லேயே இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து எழுதினார்.

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழுந்தவர்கள், பிறர் விழ எடுத்த நேரத்தைவிடத் தாங்கள் விழ எடுத்த நேரத்தைச் சராசரியாக 36 விழுக்காடு கூடுதலாகக் கணித்தார்கள். ஆனால் மணிக்கட்டுக் கருவியில் அதிவேகமாக மாறி ஒளிர்ந்த எண்களை, தரையில் நிற்கும்போது படிக்க முடியாததைப் போலவே, விழும்போதும் அவர்களால் படிக்க முடியவில்லை. அதாவது, பார்வையின் வேகம் கூடவில்லை. அச்சத்தில் நினைவுகள் அடர்த்தியாகப் பதிவதால், பிறகு எண்ணிப் பார்க்கையில் நேரம் நீண்டதாகத் தோன்றுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். உங்களுக்கு அந்தச் சேறு நினைவிருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தலையில் அடி பட்டிருந்தால் மட்டும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.