பழைய வின்செஸ்டர் லீவர் துவக்கின் கருநீலத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா?

கனடாவில் இருக்கிறீர்கள், மாமனார் வழியில் ஒரு வின்செஸ்டர் 94 கைக்கு வந்திருக்கிறது, குழல் மண்ணிறமாகிவிட்டது, தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரி ஆக்கவேண்டும் என்கிறீர்கள். லைசன்ஸ் எல்லாம் ஒழுங்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். "யாழ்ப்பாணத்தில் இருப்பவனுக்குத் துவக்கில் என்ன அலுவல்" என்று கேட்க வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பிரச்சினைக்கு முந்தி பன்றிக்கும் குரங்குக்கும் வயல்காரர் வைத்திருந்த லைசன்ஸ் துவக்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அப்பப்பாவிடம் பர்மிங்காமில் செய்த இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. வயல் கிளிநொச்சியில், வீடு கொழும்புத்துறையில். கடற்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வேர்க்ஷொப் வைத்திருந்த சித்தப்பா, கோஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் ஒரே நாளில் கறுத்துவிடும் என்று நின்றார். வழக்கமாகத் துவக்குத் திருத்துகிற கொல்லர் விடவில்லை. இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் இணைக்கிற நடுப்பட்டி ஈயப்பற்றில் நிற்பது. 140 பாகையில் கொதிக்கிற கோஸ்டிக் அந்தப் பற்றைத் தின்றுவிடும்.

அவர் செய்தது வேறு. சுண்ணாம்பால் எண்ணெயைப் போக்கினார். குழல்களின் இரு முனையிலும் மரக்குச்சி அடித்தார். துருவேற்றுகிற மருந்து பூசி, ஈரச்சாக்குக்குப் பக்கத்தில் துருப்பிடிக்க விட்டார். செந்துரு பூத்ததும் கொதிதண்ணீரில் போடுவார், சிவப்பு அப்படியே கறுப்பாகும், உதிர்வதைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பவும் மருந்து. தண்ணீர் மழைத்தண்ணீர்தான். எங்கள் கிணறு சுண்ணக்கல் ஊற்று, அதில் கொதிக்கவைத்தால் வெள்ளை படியும் என்றார். எங்களைக் கிட்டவும் விடமாட்டார். விரல் பட்ட எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் அந்த இடம் துருவேறாதாம். முடிந்தபோது குழல் காகத்தின் சிறகு மாதிரி இருந்தது.

பிறகு பிரச்சினை தொடங்கி, லைசன்ஸ் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்பப்பா எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் கொடுத்தார். ஒப்படைத்ததற்குத் தந்த ரசீதுத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சண்டை முடிந்த பின் அதை ஒரு கந்தோருக்குக் கொண்டுபோனேன். அந்த நம்பர் புத்தகத்தில் இல்லையாம், வேறு இடத்தில் கேட்கட்டாம். அங்கே போனால், முதலில் போன இடத்தில் கடிதம் வாங்கி வரட்டாம். துவக்கைத் திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை. என்ன ஆனது என்று ஒரு வரி எழுதித்தர ஒரு ஆள் இல்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறாய் என்றால், வேறு எங்கே எழுதுவது?

சரி, உங்கள் வின்செஸ்டர். என்னைக் கேட்டால் தொடாதீர்கள். அதைச் சேகரிப்பவர்கள் தேய்ந்த பழைய பூச்சுக்குக் கொடுக்கிற விலையைப் புதுப்பூச்சுக்குக் கொடுப்பதில்லை. மெல்லிய எண்ணெய் விட்டு, ஆக நைஸான ஸ்டீல் வூலால் செந்துருவை மட்டும் எடுங்கள்.

செய்தே தீருவேன் என்றால் சீரியல் நம்பரை வைத்து ஆண்டைப் பாருங்கள். 1964இல் கம்பனி செய்முறையை மாற்றியது. அதற்குப் பிறகு வந்த பல 94களின் ரிசீவர், அதாவது குழல் பொருந்துகிற நடு இரும்புப் பகுதி, வழக்கமான கோஸ்டிக் தொட்டியில் ஒழுங்காகக் கறுக்காது, கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். அதற்கு முந்தியது என்றால் பயம் தொட்டியில் இல்லை, அதற்கு முன் போடுகிற பொலிஷில். பஃப் சில்லில் பிடித்தால் விளிம்புகள் உருண்டு, குழலில் உள்ள எழுத்து மங்கிவிடும். கையால் தேய்ப்பவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். போத்தலில் விற்கிற, சூடாக்காமல் பூசுகிற கறுப்பு மருந்து சின்னக் கீறலுக்குக் காணும், முழுக் குழலுக்குச் சரிவராது.

மரப்பிடியையும் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் வால்நட் மரம். சாண்ட்பேப்பர் போடவேண்டாம், மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளம் இருந்தால் ஈரத்துணி வைத்து மேலே அயன்பெட்டியைக் காட்டுங்கள், ஆவிக்கு மரம் எழும்பும். காய்ந்த பிறகு லின்சீட் ஒயில், கொஞ்சமாக.