நளன் கதை: எந்த இடத்தில் ஒப்பிடுவது?

கேள்வி: மகாபாரதத்தில் வரும் நளன் கதையையும் புகழேந்தியின் நளவெண்பாவையும் சேர்த்துப் படிக்கிறேன். கதை ஒன்றுதானே, எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்: முழு நூலையும் ஒரேயடியாக ஒப்பிடப் போனால் ‘இது சுருக்கம், அது விரிவு’ என்பதைத் தாண்ட முடியாது. ஒரே ஒரு கட்டத்தை எடுங்கள். அங்கே யார் தூண்டுகிறார், யார் செய்கிறார், பழி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள்.

சூதில் நாடிழந்து காட்டுக்குப் போன நளன் ஆடை இழக்கும் கட்டம் இதற்கு மிகப் பொருத்தம். மகாபாரதத்தின் வன பருவத்தில் பசி தாளாமல் நளனே பறவைகள்மேல் தன் துணியை வீசுகிறான். துணியோடு பறந்துபோகும் பறவைகள், தாங்களே அந்தச் சூதாட்டக் காய்கள் என்கின்றன. புகழேந்தியோ, நளனைக் கெடுக்க நினைக்கும் தீய தெய்வமான கலியைப் பொற்பறவையாக்கி வரவிடுகிறார். பிடித்துத் தரச் சொல்பவள் நளனின் மனைவி தமயந்தி. அந்த வெண்பாவிலேயே, மான் கேட்ட சீதையை அவளுக்கு உவமையாக்குகிறார். இராமாயணம் அறிந்தவருக்கு அடுத்து வருவது பிரிவு என்று அங்கேயே விளங்கிவிடும். உவமையால் கதையை முன்கூட்டிச் சொல்லும் இந்தத் திறம் அபாரமானது.

தூங்கும் மனைவியை நளன் பிரியும்போது, பாரதத்தில் உறையற்ற வாள் ஒன்று அருகில் கிடக்கிறது. அதனால் துணியை அறுக்கிறான். ஊஞ்சல்போல் போவதும் திரும்புவதுமாக அவன் மனம் ஆடுகிறது. வெண்பாவில் கலியே வாளாக வந்து பக்கத்தில் கிடக்கிறான். இரண்டிலும் கலி நளனைப் பிடித்திருக்கிறான் என்றாலும், புகழேந்தி நளனின் குற்றத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிவைக்கிறார்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு மூலமே பிடிக்கும். சூது நடக்கும்போதே ஆபத்தை உணர்ந்து, தேர்ப்பாகன் வார்ஷ்ணேயனோடு இரு குழந்தைகளையும் தன் தந்தையின் நகரான குண்டினபுரத்துக்கு அனுப்புகிறாள் தமயந்தி. புகழேந்தி அவர்களைப் பெற்றோரோடு காட்டு வழியில் நடக்கவைத்து, பிறகே பிரிக்கிறார். உருக்கம் கூடுகிறது, அரசியின் முன்யோசனை காணாமல் போகிறது.

கேள்வி: நளன் கதையைச் சொல்லும் இன்னொரு தமிழ் நூலான அதிவீரராம பாண்டியரின் நைடதம், ஸ்ரீஹர்ஷரின் வடமொழி நூலைத் தழுவியது என்கிறார்கள். முழுவதுமா?

பதில்: இல்லை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்ரீஹர்ஷரின் காவியம் 22 சருக்கங்களில், மணமக்களின் இன்ப வாழ்வோடு நிற்கிறது. நாடிழப்பும் காடும் அதில் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் கதையைப் பிரிவு, மறுசேர்க்கை வரை கொண்டுபோகிறார். ஆகவே திருமணம் வரை ஸ்ரீஹர்ஷரோடும், அதன்பின் நளவெண்பாவோடும் வைத்துப் படியுங்கள். இதைக் கவனிக்காமல், ‘சோகத்தை ஸ்ரீஹர்ஷர் எப்படிக் கையாண்டார்’ என்று அவரிடம் இல்லாத பகுதியைத் தேடி நேரம் இழப்பவர்கள் உண்டு.

யாப்பையும் மறக்க வேண்டாம். நான்கடி வெண்பாவில் ஒரு செயலோ ஒரு பேச்சோ சட்டென்று முடியும். நைடதத்தின் விருத்தம் நின்று வருணிக்கும். உரையில்லாமல் நைடதத்தில் இறங்கினால் வருணனையிலேயே கதை நழுவிவிடும். முதலில் அன்னத்தைத் தூதுவிடும் பகுதியை மட்டும் உரையோடு படித்துப் பாருங்கள்.