பரணில் ஒளிந்தவரும் நூறு டாலர் விளம்பரமும்

அன்புள்ள ஐயா,
நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. அமெரிக்க அடிமை முறையை நடத்தும்போது, அடிமையாக இருந்த ஒருவரின் எழுத்தை வகுப்பில் வாசிக்க ஆசை. "கதை அழவைக்கும், வரலாறு சொல்லித்தராது" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நிறவெறியைப் பேசப்போய் சாதிப் பேச்சு கிளம்பிவிடுமோ என்றும் பயம். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

சாதிப் பேச்சு கிளம்பினால் கிளம்பட்டும். அதற்குப் பயந்தால் எந்தப் பாடத்தையும் நடத்த முடியாது.

அந்த 'கதை' என்ற சொல்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சில நாட்களாகவே ஹாரியட் ஜேக்கப்ஸ் நினைவாக இருக்கிறேன். வட கரோலினாவில் ஈடன்டன் என்ற ஊரில், மருத்துவர் ஜேம்ஸ் நார்கம் வீட்டில் அடிமை. அவனுடைய பாலியல் தொல்லை தாங்காமல் 1835இல் தலைமறைவானார். பிடித்துக் கொடுத்தால் நூறு டாலர் என்று அவன் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தான். வயது, உயரம், சுருள்முடி, சரளமான பேச்சு எல்லாம் அதில் உண்டு. காரணம் எதுவுமில்லாமல் ஓடிவிட்டாள் என்று வேறு எழுதியிருந்தான். இதுதான் ஆவணம்!

காரணத்தை ஹாரியட் எழுதினார், 1861இல் புனைபெயரில் வந்த தன்வரலாற்றில். கிட்டத்தட்ட ஏழு வருடம் அதே ஊரில், பாட்டி வீட்டுக் கூரைக்கடியில்தான் ஒளிந்திருந்தார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயரமான இடத்திலேயே மூன்றடி. வெயில் காலத்தில் கூரையிலிருந்து டர்பன்டைன் என்ற மரப்பிசின் உருகிச் சொட்டும். பலகையில் ஓர் அங்குல ஓட்டை போட்டு, அதன் வழியாகத் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். அந்த ஓட்டையில் வரும் வெளிச்சத்தில் தைத்தார், படித்தார். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குத் துணியும் பொம்மைகளும் செய்தார்.

இத்தனை நன்றாக ஓர் அடிமைப் பெண் எழுதியிருக்க முடியாது என்று வெகுகாலம் அறிஞர்கள் பலர் அதைக் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் 1980களில் ஹாரியட்டின் கடிதங்களைத் தேடியெடுத்து நிறுவிய பிறகுதான் நம்பினார்கள். எஜமானன் எழுதினால் ஆவணம், அடிமை எழுதினால் கதையா? உங்கள் சகாக்களிடம் இதைக் கேட்காமல் பேசாமல் வந்துவிட்டீர்களே, அதுதான் வருத்தம். ஆனாலும் வாசிக்க வேண்டும் என்று தோன்றியதே, நீங்கள் நல்ல ஆசிரியை.

சரி, இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த விளம்பரம். அப்புறம் அவருடைய நூலின் 21ஆம் அத்தியாயம். நடுவில் எந்த விளக்கமும் வேண்டாம், பிள்ளைகளே கேட்கட்டும்.