மோடவுன் இசையை டெட்ராய்ட் ஏன் இன்றும் தன்னுடையதாகக் கருதுகிறது?

மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1972-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பிறகும் டெட்ராய்ட் மக்கள் அதை விட்டுக்கொடுக்காதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், பெயரிலேயே ஊர் இருக்கிறது; அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டின் பட்டப்பெயரான 'மோட்டார் டவுன்' என்பதன் சுருக்கமே அது. கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959-இல் தொடங்கிய இந்நிறுவனம், வெஸ்ட் கிராண்ட் பூலவார்டு சாலையில் ஒரு சாதாரண வீட்டில் இயங்கியது.

என்னை அதிகம் சிந்திக்க வைப்பது, மோடவுனின் கறுப்பினப் பாடகர்கள் மக்களின் கண்ணுக்குத் தெரிந்த விதம். கறுப்பின மக்கள் பெரும்பாலும் வேலைக்காரர்களாகவோ கோமாளிகளாகவோ திரையில் காட்டப்பட்டுவந்த நாட்டில், டெட்ராய்ட்டின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த, மோடவுனின் சுப்ரீம்ஸ் பாடகர் குழுவின் மூன்று இளம்பெண்கள் 1964 டிசம்பரில் எட் சல்லிவன் என்ற தொகுப்பாளரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிப் பாடினார்கள். அவர்களுடைய நேர்த்தி தற்செயலானதன்று; நடை, உடை, பேச்சு ஆகியவற்றைக் கற்பிக்க நிறுவனம் தனியே ஆசிரியர்களை வைத்திருந்தது. வெள்ளையரின் ரசனைக்கு வளைந்துகொடுத்ததாக இதைக் குறைசொல்வோரும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. மோடவுனில் பாடிய ஐஸ்லி பிரதர்ஸ் என்ற கறுப்பினச் சகோதரர் குழுவின், 1966-இல் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றின் அட்டையில்கூட, பாடிய சகோதரர்கள் இருக்க வேண்டிய இடத்தில், கடற்கரையில் ஒரு வெள்ளை இணையரின் படமே இடம்பெற்றது.

அந்தப் பழைய வீடு 1985 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது; பாடல்கள் பதிவான சிறிய கூடத்தை இன்றும் அங்கே பார்க்கலாம்.