நவீன அரூப ஓவியத்தில், அதாவது உருவங்களை வரையாமல் நிறத்தையும் கோட்டையும் வைத்தே வரையும் ஓவியத்தில், ஆன்மிகம் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை விமர்சகர்கள் கட்டிவிட்ட கதையா? நம் ஓவியர்களிடம் அது உண்டா?

கட்டிவிட்ட கதை இல்லை. சொல்லப்போனால் நடந்தது தலைகீழ். ஓவியர்கள் வெளிப்படையாகவே ஆன்மிகம் பேசினார்கள். பின்னால் வந்த விமர்சகர்கள் பலர் அதைக் கூச்சத்தோடு ஓரங்கட்டிவிட்டு நிறம், கோடு, தளம் என்று மட்டும் எழுதினார்கள்.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. அடையாறில் பெரிய ஆலமரத்தோடு இருக்கிறதே பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி), அதன் முக்கியப் புள்ளிகளான அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து 1905-இல் 'எண்ண வடிவங்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். மனிதன் எதை நினைத்தாலும் அது நிறமும் வடிவமும் எடுக்கிறது, ஞானதிருஷ்டி உள்ளவருக்கு அது தெரியும் என்பது அவர்கள் கட்சி. கூடவே ஒரு நிற அட்டவணை: நீலம் பக்தி, மஞ்சள் அறிவு, கறுப்பு வன்மம், இப்படி. பக்தி பொங்கி எழுவது மேல் நோக்கிய ஒரு நீலக் கூம்பு. இன்னொரு படத்தில் ஒரு தேவாலயக் கூரைக்கு மேல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை மலைத்தொடர் போலக் கிளம்பி நிற்கிறது. நம்புகிறோமோ இல்லையோ, உருவமே இல்லாமல் ஓர் உணர்வை வரையலாம் என்று அச்சில் வந்துவிட்டது. அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியிடம் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருந்தது. 1911 கடைசியில் அவர் வெளியிட்ட 'கலையில் ஆன்மிகம் குறித்து' நூலில் பிரம்மஞான சபையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

அவருக்கும் முன்பே, 1906-இல், ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண் ஓவியர் தொடங்கிவிட்டார். தோழிகளோடு உட்கார்ந்து ஆவிகளோடு பேசியவர் அவர். மேலுலகிலிருந்து தனக்குக் கட்டளை வந்ததாக நம்பி, 1915 வரை 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்று 193 படங்கள் வரைந்தார். கோயில் கட்டப்படவே இல்லை. அதில் 1907-இல் வரைந்த பத்துப் படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். குழந்தைப் பருவம் நீலத்தில் தொடங்கி, இளமைக்கு ஆரஞ்சு, நடுவயதுக்கு ஊதா, முதுமைக்கு வெளிறிய இளஞ்சிவப்பு என்று போகும். நத்தைச் சுருள்கள், பூவிதழ்கள், புரியாத எழுத்துகள் எல்லாம் அந்தப் பரப்பில் மிதக்கும். தான் இறந்து 20 வருடம் கழியும்வரை இவற்றை வெளியில் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு 1944-இல் போய்ச் சேர்ந்தார். 2018-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இவர் படங்களைப் பார்க்க ஆறு லட்சத்துக்கு மேல் கூட்டம்.

ஆனால் ஓவியர் ஆன்மிகவாதி என்பதாலேயே படத்தில் ஆன்மிகம் வந்துவிடாது. டச்சு ஓவியர் மோன்றியானையே பாருங்கள். 1909-இல் சபையில் சேர்ந்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் 'பரிணாமம்' என்று முப்பலகை ஓவியம் ஒன்று வரைந்தார். மூன்று நிர்வாணப் பெண்கள் விறைப்பாக நிற்கிறார்கள், தோளுக்கு மேலே சின்னங்கள், நடுவில் இருப்பவள் மட்டும் கண்ணை அகல விழித்திருக்கிறாள். ஞானம் வந்துவிட்டதாம். சபைக் கூட்டத்தில் மாட்டும் விளக்கப்படம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். பத்து வருடத்தில் அதே மனிதர் சின்னங்களையெல்லாம் உதறிவிட்டுக் கறுப்புக் கோடு, வெள்ளை, மூன்றே மூன்று அடிப்படை நிறங்கள் என்று இறங்கியபோதுதான் படத்தில் ஓர் அமைதி வருகிறது. சித்தாந்தம் படத்தின் மேலிருந்து கழன்று, வரைகிற ஒழுக்கத்துக்குள் போய்விட்டது. என் கணக்கில் அதுதான் விஷயம். ஹில்மாவிடம்கூட, குறியீட்டு அகராதியை வைத்துக்கொண்டு பார்க்கும்போது வருவதைவிட அந்தப் பிரமாண்டமான ஆரஞ்சு தரும் திகைப்பு பெரிது.

அமெரிக்க ஓவியர் ரோத்கோ எந்தச் சபையிலும் சேராதவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவரிடம்தான் டெக்சாஸின் ஹூஸ்டனில் ஒரு வழிபாட்டுக் கூடத்துக்கான ஓவியங்களை 1964-இல் கேட்டார்கள். எண்கோண அறை, 14 பெரிய ஓவியங்கள், கறுப்பும் அடர்ந்த ஊதாவும் கருஞ்சிவப்பும் மட்டும். சிலுவை கிடையாது, உருவம் கிடையாது. தன் நியூயார்க் ஸ்டூடியோவில் இருந்தது போலவே கூரையிலிருந்து இயற்கை வெளிச்சம் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஹூஸ்டன் வெயிலோ வேறு ரகம். பிறகு கூரைக்குக் கீழே தடுப்பு வைத்து வெளிச்சத்தை அடக்க வேண்டியதாயிற்று. 1970-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கூடம் திறந்தது 1971-இல். அங்கே அழுதவர்களும் உண்டு, வெறும் கறுப்பு என்று திரும்பியவர்களும் உண்டு. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

இனி நம் ஓவியர்கள். எல்லோரும் உடனே சொல்வது எஸ்.எச். ரசாவின் 'பிந்து', அதாவது புள்ளி. எண்பதுகளின் பிந்து ஓவியங்களில் அந்தக் கருவட்டம் சுற்றியுள்ள நிறங்களையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் அது கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது, ஏலக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு கே.சி.எஸ். பணிக்கர் பெரியவர். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை ஆரம்பித்தவர். 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம் இருக்கும், கணக்குக் குறிகள் இருக்கும், மலையாளம் போல நெருக்கமாக எழுதிய வரிகள் இருக்கும். மந்திரமோ என்று கிட்டப் போய்ப் படித்துப் பார்ப்பார்கள். வாக்கியம் ஒன்றும் தேறாது. ஏட்டுச்சுவடி முன்னால் நமக்கு வருகிற பயபக்தியை மட்டும் வைத்துக்கொண்டு, ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் எடுத்துவிட்டார். ஈஞ்சம்பாக்கம் பக்கம் போனால் சோழமண்டல அருங்காட்சியகத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். வார நாளாக இருந்தால் நல்லது, கூட்டம் இருக்காது.