வானொலியிலிருந்து பிடித்த ஜாஸ்

கேள்வி: பழைய ஜாஸ் இசைத்தட்டுகளே நிறையக் கிடைக்கும்போது, இரைச்சல் மிகுந்த வானொலிப் பதிவுகளை ஏன் தேடிச் சேர்க்கிறீர்கள்?

பதில்: நீளத்துக்காக. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். நேரடி ஒலிபரப்பில் அந்தக் கெடுபிடி குறைவு. நியூயார்க்கில் பொறியாளர் பில் சேவரி 1930களின் பிற்பகுதியில் அந்த ஒலிபரப்புகளைப் பெரிய தட்டுகளில் பிடித்து வைத்தார். 2010இல் ஹார்லெம் தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்த அந்தச் சேகரிப்பில், சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 'பாடி அண்ட் சோல்' பாட்டை வாசிப்பது ஏறக்குறைய 6 நிமிடம்! அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் ஒன்று: இத்தகைய பதிவுகள் உள்ள அலுமினியத் தட்டின் மேல்பூச்சு உரிந்தால் இசையும் போய்விடும். கையில் கிடைத்தால் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள்.