கலப்பட எரிபொருள்: கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (பாம்பன், விசைப்படகு உரிமையாளர்): மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இஞ்சினை ஓட்டினால் வெண்புகை வருகிறது, திக்கித் திக்கி நிற்கிறது. பங்க்கில் கலப்படம் செய்திருப்பார்களா?

பதில்: முதலில் உங்கள் டாங்கியைச் சந்தேகியுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் பாதி நிரம்பிக் கிடந்த டாங்கியின் உட்சுவர் வியர்த்து, நீர் அடியில் தங்கியிருக்கும். அந்நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி பில்டரை அடைக்கும். அடிநீரை வடித்து, பில்டரை மாற்றிய பிறகும் குறை தீராவிட்டால், பங்க்கில் அடர்த்திச் சோதனை செய்துகாட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி (தொண்டி): டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தாலும் எரியத்தானே செய்கிறது?

பதில்: எரியும், அதனால்தான் கலக்கிறார்கள். ஆனால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பம்ப்பையும் தேயாமல் காப்பது டீசலின் வழவழப்பே. மண்ணெண்ணெயில் அது குறைவு. மேலும், 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்னும் இந்தியப் புகைத் தரம்) டீசலில் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய்க்கு அவ்வளவு கடுமையான வரம்பு இல்லாததால், கலந்த எண்ணெயின் புகையில் கந்தக டை ஆக்சைடு கூடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நின்று வலை இழுப்பவர்களே அதை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

கேள்வி (ஏர்வாடி): கேனிலிருந்து வாயால் உறிஞ்சி மாற்றும்போது என் கணவர் மண்ணெண்ணெயை விழுங்கிவிட்டார். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். செய்தது சரியா?

பதில்: தவறு, அம்மா. இவ்வெண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. தண்ணீர் போல் இளகிய எண்ணெய் என்பதால், வாந்தி எடுக்கும்போது எளிதாக மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். இனி ஒருபோதும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம். கைப்பம்ப்பு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி (கீழக்கரை, மாணவி): வடிதாளில் ஒரு துளி விட்டுப் பார்க்கும் கலப்படச் சோதனையை நம்பலாமா?

பதில்: பெட்ரோலுக்கு மட்டும், அதுவும் பாதிதான். துளி காய்ந்த பின் கறை இருந்தால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கலாம். நாப்தா போன்ற லேசான பெட்ரோலியக் கரைப்பான்களைக் கலந்திருந்தால் கறை காட்டிக்கொடுக்காது; அவை பெட்ரோலைப் போலவே ஆவியாகிவிடும்.

கேள்வி (மண்டபம்): கெட்டுப்போன டீசலை நடுக்கடலில் கொட்டினால் கரைந்துவிடாதா?

பதில்: பெரும்பகுதி படலமாக மிதக்கும். பல மீன்களின் முட்டைகளும் குஞ்சுகளும் அதே மேற்பரப்பில்தான் மிதக்கின்றன. கரையும் சிறு பகுதியே அவற்றைக் கொல்லப் போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளும் கடற்புல்லும் தொலைவில் இல்லை. கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, கழிவு எண்ணெய் வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.